வரவில்லை என்று எழுதும்

மேசி காரைக் கல்லறைச் சுவரை ஒட்டி நிறுத்தினாள். எஞ்சினை அணைக்கவில்லை, ஹீட்டர் ஓட வேண்டும். பின்சீட்டிலிருந்து குறுக்கெழுத்துப் புதிர்ப் புத்தகத்தை எடுத்து ஸ்டீயரிங்மேல் சாய்த்து வைத்துக்கொண்டாள். இருபத்தாறு வருடமாக எங்கள் ஞாயிற்றுக்கிழமை இப்படித்தான். நான் கோயிலுக்குள் போவேன். அவள் காருக்குள் இருப்பாள். மழை, பனி, ஈஸ்டர் எதுவானாலும் இதில் மாற்றம் கிடையாது.

"அந்தப் புழு டாக்டர் எத்தன மணிக்கு விடுவான்?" என்றாள்.

"நாலு மணிக்குள்ள முடிச்சிருவேன்னு சொன்னாரு."

"அவன் மூச்சு விடுறதுக்கே நாலு மணி ஆகும். நாலரை வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல நீ நடந்து வா. சூப்பு நான் குடிச்சிருவேன்."

அவள் பிறந்த வீடு கெல்லாஸ் குடும்பம். கின்டார்விச் சேகரத்தில், அதாவது எங்கள் கோயிலைச் சேர்ந்த ஊர்களில், கெல்லாஸ்கள் யாரும் கோயில் வாசற்படியைத் தாண்டுவதில்லை. எங்கள் கல்யாணமே அவள் அப்பாவின் வைக்கோல் கொட்டகையில்தான் நடந்தது. போதகர் அங்கியில் வைக்கோல் ஒட்டிக்கொண்டு ஆசீர்வதித்தார். ஏன் இப்படி என்று மாமனாரிடம் ஒருமுறை கேட்டேன். "கூப்பிட்டுட்டு கதவச் சாத்துற எடத்துக்கு எவன் போவான்?" என்றார். அதற்குமேல் ஒன்றும் பேசவில்லை. அவர்கள் அவ்வளவாகப் பேசுகிற குடும்பம் இல்லை. மேசி அதற்கு விதிவிலக்கு.

அன்று ஜனவரி மூன்றாம் ஞாயிறு. மணி மூன்றுகூட ஆகவில்லை, வெளிச்சம் வடியத் தொடங்கிவிட்டது. எங்கள் பக்கத்தில் ஜனவரி மாதத்துப் பகல் கடனே என்று வந்துவிட்டு ஓடிப்போகும்.

டாக்டர் பெரிக்ரின் இனெஸைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் டாக்டர் பட்டம் வாங்கியது ஆட்டுக் குடல்புழுவில். ஓய்வு பெற்றதும் எடின்பரோவிலிருந்து வந்து எங்கள் பழைய போதகர் வீட்டை வாங்கினார். ஆறே மாதத்தில் அவர் வரலாற்று ஆசிரியர் ஆகிவிட்டார். அந்த வீட்டுப் பரணில், ஓட்ஸ் கொட்டி வைக்கும் மரப்பெட்டிக்குப் பின்னால், காணாமல் போயிருந்த எங்கள் மூப்பர் சபைக் குறிப்பேடு ஒன்று அவருக்குக் கிடைத்தது. கன்றுத்தோல் அட்டை, எலி கடித்த மூலைகள். ஒழுங்கான மனிதர் என்றால் அதை ஆவணக் காப்பகத்தில் ஒப்படைத்திருப்பார். இவர் அதை வைத்து அறுநூற்றுப் பன்னிரண்டு பக்கத்தில் சேகர வரலாறு எழுதினார். அதில் பாதி அவருடைய முன்னோர்களின் வரலாறு.

அந்தப் புத்தக வெளியீடுதான் அன்று. வெறும் பேச்சு போதாது என்று ஒரு நாடகமும் வைத்தார். குறிப்பேட்டின் கடைசிக் கூட்டத்தை அதே கோயிலில், அதே மாதத்தில், அப்படியே நடித்துக் காட்டுவது.

அந்தக் கடைசிக் கூட்டம் 1743 ஜனவரியில் நடந்தது. கோயில் பதிவுகளைப் பார்க்காதவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத்தில் போதகர் தலைவராகவும் ஆறு மூப்பர்கள் பக்கத்திலும் உட்கார்ந்தால் அது நீதிமன்றம். ஓய்வு நாளில் வலை உலர்த்தியவன், பக்கத்து வீட்டுக்காரியைத் திட்டியவள், கல்யாணம் ஆகாமல் பிள்ளை பெற்றவள், எல்லோரும் அவர்கள் முன்னால் வந்து நிற்க வேண்டும். குற்றம் உறுதியானால் மூன்று ஞாயிறு சபையார் பார்க்க முக்காலியில் உட்கார வேண்டும். வராதவர்களைக் கோயில் ஊழியன் வாசலில் நின்று மூன்று முறை பேர் சொல்லிக் கூப்பிடுவான். நடப்பதை எல்லாம் எழுத்தர் ஒருவர் எழுதுவார். ஒவ்வொரு கூட்டமும் ஜெபத்தோடு கூடும், ஜெபத்தோடு முடியும். முடிந்தது என்று எழுதாதவரை கூட்டம் முடிந்ததாகக் கணக்கில்லை.

கடைசிப் பக்கத்தில், ஆஜரான ஏழு பேரின் பட்டியலுக்குக் கீழே இருந்தது இவ்வளவுதான்: "ஜெபத்தோடு கூடியது. மார்ஜரி கெல்லாஸ், தன் பிள்ளையின் தகப்பன் பேரைச் சொல்லும்படி வாசலில் மூன்று முறை கூப்பிடப்பட்டாள். வரவில்லை. அவள் வரும்வரை இந்தக் கூட்டம் கலையாது என்று தலைவர் கூறினார்."

அதற்குக் கீழே பக்கம் வெறுமையாக இருந்தது.

அன்று மாலை பனியின் பாரம் தாங்காமல் கூரை இறங்கிவிட்டது. அடுத்து வந்த போதகர் வேறொரு ஏட்டில் தன் கைப்பட எழுதி வைத்திருக்கிறார். ஏழு பேரையும் தோண்டி எடுத்தபோது ஒருவர்கூட ஓட முயன்றதாகத் தெரியவில்லை, உட்கார்ந்தபடியே இருந்தார்கள். எழுத்தரைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. எழுத்தருக்கு என்ன ஆனது என்று எழுத எழுத்தர் இல்லாமல் போயிருக்கலாம்.

இன்றைய மூப்பர் சபையின் எழுத்தர் நான். ஆர்ச்சிபால்ட் டகிட், இருபத்திரண்டு வருட அனுபவம். தலை நிமிராமல் எழுதுவேன். தலைவர் என்ன சொல்கிறாரோ அது என் கை வழியாகத் தாளில் இறங்கும். நடுவே மூளை குறுக்கிடாது. வடிகால் மராமத்து, கூரை மராமத்து, ஆர்கன் மராமத்து என்று இருபத்திரண்டு வருடம் கேட்ட எவனும் வேறு மாதிரி ஆகியிருக்க முடியாது.

உள்ளே நாற்பது பேர் இருந்தார்கள். இனெஸ் கறுப்பு அங்கியும் வெள்ளைக் கழுத்துப் பட்டையும் போட்டுத் தலைவர் ஆசனத்தில் இருந்தார். பலகைப் பெஞ்சில் ஆறு பேர் மூப்பர்களாக வேஷம் கட்டி உட்கார்ந்திருந்தார்கள். எதிரே காலி முக்காலி. அதில் மேசியைத்தான் உட்கார வைக்க நினைத்தார் இனெஸ். கெல்லாஸ் வம்சம், பேரும் மார்ஜரி, மேசி என்பது வீட்டில் கூப்பிடுவது. பத்திரிகைப் படத்துக்கு நன்றாக இருக்கும் என்று கேட்க வந்தார். அவள் அவரிடம் சொன்ன பதிலை இங்கே எழுத முடியாது. புழுக்கள் சம்பந்தப்பட்டது.

என் முன்னால் அசல் குறிப்பேட்டைத் திறந்து வைத்து, வாத்து இறகுப் பேனா ஒன்றையும் கொடுத்தார்.

"இதுலயேவா எழுதணும்?" என்றேன்.

"அசலாக இருக்க வேண்டும், மிஸ்டர் டகிட். இருநூற்று எண்பது ஆண்டு வெறுமையை இன்று நாம் நிரப்புகிறோம்." பத்திரிகைப் படக்காரர் பக்கம் முகவாயைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

நான் மறுத்திருக்க வேண்டும். மறுக்கவில்லை. காப்பகத்துக்காரர்கள் இதைப் பார்த்தால் இவரை உரித்து உப்புக்கண்டம் போடுவார்கள் என்று நினைத்தேன். அந்த நினைப்பு எனக்கு இனித்தது. பேனாவை மையில் நனைத்தேன்.

அந்த இனிப்புக்குத்தான் இன்றுவரை விலை கொடுக்கிறேன்.

ஊழியன் வேஷம் ஜோக் ரென்னிக்கு. பன்றி வளர்க்கிறவன், அவன் கூப்பிட்டால் அடுத்த பள்ளத்தாக்குக்குக் கேட்கும். கதவைத் திறந்து பனிக்குள் முகத்தை நீட்டிக் கத்தினான்.

"மார்ஜரி கெல்லாஸ்!"

குளிர் உள்ளே வந்தது. அதோடு ஒரு வாசனையும் வந்தது. நனைந்த கம்பளி, கரிப்புகை, நாள்பட்ட ஈரம்.

"மார்ஜரி கெல்லாஸ்!"

பெஞ்சில் நாலாவதாக இருந்த தபால்காரர் தோளைக் குலுக்கினார். "யோவ், தள்ளி உக்காருய்யா. இடுப்புல இடிக்கிற" என்றார் முணுமுணுப்பாக.

அவருக்குப் பக்கத்தில் ஒரு முழம் காலி இடம் இருந்தது.

"மார்ஜரி கெல்லாஸ்!"

மூன்றாவது முறை கத்தும்போது ரென்னியின் குரலோடு இன்னொரு குரலும் சேர்ந்திருந்தது. எதிரொலி என்று நினைத்துக்கொண்டேன். எங்கள் கோயிலில் எதிரொலி கிடையாது. சங்கீதம் பாடும்போதெல்லாம் அதைச் சொல்லித்தான் ஆர்கன்காரர் புலம்புவார்.

நான் தலை குனிந்து எழுதத் தொடங்கியிருந்தேன். 'வாசலில் மூன்று முறை...' அப்போது கார்க் கதவு அறைந்து சாத்தப்படும் சத்தம் கேட்டது. பனியில் ரப்பர் பூட்ஸ் மிதிபடும் சத்தம். நடையைக் கேட்டே கோபம் எத்தனை டிகிரி என்று சொல்ல எனக்குத் தெரியும்.

"எவன்டா அது, பன்னியக் கூப்பிடுற மாதிரி என் பேரக் கூப்பிடுறது?"

கூட்டம் கொல்லென்று சிரித்தது.

"மேசி, நாடகம்மா இது" என்றான் ரென்னி.

"தெரியும்டா ஜோக். நீ வழிய விடு." அவள் குரல் சரியாக வாசற்படியிலிருந்து வந்தது. "டாக்டர் ஐயா, உங்க அறுநூறு பக்கத்துல இத எழுதினீங்களா? அவ வந்தா. இதே வாசல்ல, முழங்கால் பனியில, கைப்பிள்ளையோட வந்து நின்னு பேரையும் சொன்னா. உள்ள இருந்த பெரிய மனுசனுங்க காது கேக்காத மாதிரி உக்காந்துக்கிட்டு வரலைன்னு எழுதிட்டானுங்க. ஏன் தெரியுமா? அவ சொன்ன பேரு இனெஸ். பெஞ்சுல மூணாவதா இருந்தவன். உங்க பதினொண்ணாம் அத்தியாயம் முழுக்க அந்தப் புண்ணியவான்தானே?"

சிரிப்பு கூரையில் மோதியது. யாரோ கை தட்டினார்கள். எனக்கும் தோள் குலுங்கியது. ஆனாலும் பேனா தாளில் இருக்கும்போது தலை தூக்கும் பழக்கம் எனக்கு இல்லை.

தலைவர் ஆசனத்திலிருந்து இனெஸ் தொண்டையைக் கனைத்தார். அவமானத்தில் குரல் கட்டியிருந்தது. மேடையைத் திருப்பிப் பிடிக்க அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது: எழுதி வைத்த வசனத்தைச் சொல்வது.

"எழுத்தரே, வரவில்லை என்று எழுதும்."

அவருக்கு அது பதிலடி. எனக்கு அது வெறும் வழக்கம்.

எழுதினேன்.

கடைசிச் சுழியைப் போட்டதும் சிரிப்பு நின்றது. ஓய்ந்து அடங்கவில்லை, கத்தரித்தாற்போல நின்றது.

தலை நிமிர்ந்தேன்.

கதவு திறந்திருந்தது. பனி உள்ளே தூறிக்கொண்டிருந்தது.

வாசலில் யாரும் இல்லை.

"மேசி எங்க?" என்றேன்.

ரென்னி என்னைப் பார்த்தான். "கார்ல இருப்பா. ஏன்?"

"இப்ப இங்க நின்னு பேசினாளே."

"யாரு? மேசியா? அவ வரலையே, ஆர்ச்சி."

"நீங்கல்லாம் சிரிச்சீங்களே!"

நாற்பது முகம் என்னையே பார்த்தது. தபால்காரர் கேட்டார்: "எதுக்கு சிரிச்சோம்?"

வெளியே ஓடினேன். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டில் சூடு இருந்தது. குறுக்கெழுத்தில் ஒரு சொல் பாதியில் நின்றது. காரிலிருந்து கோயில் வாசல்வரை பனியில் பூட்ஸ் தடம் போனது; இடது குதிகாலில் சைக்கிள் டியூப் ஒட்டு, நானே ஒட்டியது. வாசற்படியில் இரண்டு பாதமும் சேர்ந்து, உள்ளே பார்த்தபடி இருந்தன.

திரும்பிப் போன தடம் இல்லை.

போலீஸ் பதினோரு நாள் தேடியது. நாய்கள் வாசற்படிவரை வந்து, உட்கார்ந்து, எழுந்திருக்க மறுத்தன. ஊர் என்னை ஒரு மாதிரியாகப் பார்க்கத் தொடங்கியது. கடையில் பேச்சு நின்றுபோகும். ரொட்டிப் பொட்டலத்தைக் கையில் கொடுக்காமல் மேஜைமேல் தள்ளுவார்கள். பொண்டாட்டியைப் பனியில் தொலைத்துவிட்டு நாற்பது பேர் பார்த்ததாகச் சாதிக்கிறவனோடு யார் பேசுவார்கள்? படக்காரரின் படத்தில் ரென்னி, திறந்த கதவு, வெள்ளைப் பனி. படியில் இரண்டு பூட்ஸ் தடம். அவ்வளவுதான்.

என்ன நடந்தது என்று எனக்குப் புரிந்துவிட்டது. எழுத்தராக இருந்தால் உங்களுக்கும் புரிந்திருக்கும். கூட்டம் இன்னும் கலையவில்லை. அந்தக் கூட்டத்தின் புத்தகத்தில், அந்தக் கூட்டத்தின் எழுத்தர் ஆசனத்திலிருந்து, ஒருத்தி வரவில்லை என்று எழுதியிருக்கிறேன். புத்தகம் சொன்னால் சொன்னதுதான். அவள் வரவில்லை.

முதலில், கோயிலிலேயே இருந்த குறிப்பேட்டில் அந்த வரியை அடித்துவிட்டுப் பக்கத்தில் என் சுருக்கொப்பம் போட்டேன். மறுநாள் அடித்த கோடு இல்லை. ஒப்பம் மட்டும் இருந்தது.

குறிப்பைத் திருத்த முறை ஒன்று உண்டு. அடுத்த அமர்வில், தலைவர் ஒப்புதலோடு. இனெஸின் வீட்டுக்குப் போனேன். தொண்டையில் கம்பளி சுற்றிக்கொண்டு கணப்பருகே உட்கார்ந்திருந்தார். அன்றிலிருந்து அவருக்குக் குரல் சரியில்லை.

"ஒரே ஒரு வரி, டாக்டர். தலைவரா உக்காந்து, வந்தாள்னு சொல்லுங்க. நான் எழுதிடறேன்."

"அவர்கள் வந்ததற்கு ஆதாரம் இருக்கிறதா?"

"உங்களப் பாத்து நேரா பேசினா. பதினொண்ணாம் அத்தியாயத்தப் பத்தி."

அந்த இடத்தில் அவர் கண் ஒரு நொடி விலகியது. அவருக்கு நினைவிருக்கிறது. நாற்பது பேரில் அவருக்கு மட்டும் நினைவிருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன்.

"பதிவில் இருப்பதுதான் வரலாறு, மிஸ்டர் டகிட்" என்றார் கரகரப்பாக. "மற்றதெல்லாம் துக்கம். இரண்டாம் பதிப்பில் அடிக்குறிப்பு சேர்க்கிறேன்: எழுத்தரின் மனைவி அழைக்கப்பட்டும் வரவில்லை."

அங்கேயே அவரை அறைந்திருக்கலாம். நான் எழுத்தன். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தனியாகப் போனேன். மூன்று மணி. எழுத்தர் இடத்தில் உட்கார்ந்து குறிப்பேட்டைத் திறந்தேன்.

கம்பளி வாசனை வந்தது.

பெஞ்சு கிறீச்சிட்டது. ஒன்று. இரண்டு. மூன்று. ஆறுவரை எண்ணினேன். பிறகு தலைவர் ஆசனம்.

"போன கூட்டத்துக் குறிப்புல ஒரு திருத்தம்" என்றேன். என் குரல் எனக்கே பன்றிக்குட்டி மாதிரி கேட்டது.

பிடரியில் ஒரு குளிர் வந்து உட்கார்ந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. என் கை எழுதியது: "எழுத்தரின் வேண்டுகோள் அடுத்த அமர்வுக்கு ஒத்திவைக்கப்பட்டது."

எத்தனையோ கமிட்டிகளைப் பார்த்தவன் நான். செத்தும் மாறவில்லை என்றால் அது கமிட்டி மட்டும்தான்.

பிறகு வாசலில் பேர் கூப்பிடப்பட்டது. மூன்று முறை. ரென்னி அங்கே இல்லை.

பூட்ஸ் சத்தம். சாத்திய கதவுக்கு அந்தப் பக்கம் அவள் குரல். "ஆர்ச்சி? இங்கதான்யா நிக்கிறேன். குளிருது. நிமிந்து பாரு."

நிமிர முடியவில்லை. பிடரியில் இருந்த குளிர் அழுத்தியது. கை எழுதியது.

அப்படி ஏழு ஞாயிறு. ஒவ்வொரு முறையும் ஒத்திவைப்பு, ஒவ்வொரு முறையும் அவள் குரல் இன்னும் கொஞ்சம் தூரத்திலிருந்து. கூட்டம் முடிந்தது என்று யாரும் சொல்வதில்லை. நான்தான் எழுந்து வருகிறேன். முதல் வாரம் பத்து நிமிடத்தில் எழ முடிந்தது. போன வாரம் எழுந்தபோது திங்கட்கிழமை. பக்கத்தின் தலையில், ஆஜரானவர்கள் பட்டியலில், ஏழு பேருக்குக் கீழே எட்டாவதாக ஒரு பேர் ஏறியிருக்கிறது. கையெழுத்து என்னுடையது. பேரும் என்னுடையதுதான்.

அதனால் இன்று போகவில்லை. வீட்டுக் கதவைத் தாழிட்டு, சமையலறை மேஜையில் உட்கார்ந்து, கடையில் வாங்கிய நோட்டில், கடையில் வாங்கிய பேனாவால் இதை எழுதுகிறேன். அந்தப் புத்தகம் கோயிலிலேயே கிடக்கட்டும். இதுதான் என் திருத்தம். யார் படித்தாலும் சாட்சி: மேசி வந்தாள். நான் பார்க்கவில்லை. ஆனால் வந்தாள். வாசற்படியில் நின்றாள். உண்மையைச் சொன்னாள்.

மணி மூன்று அடிக்கிறது.

சூப்பு கொதிக்கிற அடுப்பிலிருந்து நனைந்த கம்பளி நாற்றம் வருகிறது.

என் சமையலறையில் நாற்காலி நாலுதான். கிறீச்சென்ற சத்தம் ஏழு முறை கேட்டுவிட்டது.

கொல்லைப்புறக் கதவை யாரோ தட்டுகிறார்கள். மெதுவாக. ரொம்பப் பக்கத்தில்.

"ஆர்ச்சி, கண்டுபுடிச்சு வந்துட்டேன்யா. ஒரே ஒரு தடவ நிமிந்து பாரு. போதும்."

நிமிரப் போகிறேன். இந்த வரியை முடித்ததும் நிமிர்ந்துவிடுவேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டு, நிமிர்ந்து, அவளை

மார்ஜரி கெல்லாஸ் மூன்று முறை கூப்பிடப்பட்டாள். வரவில்லை.